ஸ்பைடரை எழுதியவர் யார்?

அன்புள்ள காமிக்ஸ் நண்பர்களுக்கு,

உங்களில் நிறையப் பேரை எனக்கு முகத்தால் தெரியும். ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிக்குள் நுழைந்தால் வேறெங்கும் நிற்காமல் நேரே காமிக்ஸ் ஸ்டாலுக்குப் போகிறவர்கள் நீங்கள். புது இதழைக் கையில் வாங்கியதும் படிப்பதற்கு முன் பிரித்து முகர்ந்து பார்ப்பவர்கள். சேலத்திலிருந்தும் திருப்பூரிலிருந்தும் இரவு பஸ் ஏறி வந்து, வாங்கியதை மடியில் வைத்துக்கொண்டே ஊர் திரும்புகிறவர்கள். உங்கள் பிரியத்தில் எனக்கு எள்ளளவும் சந்தேகம் இல்லை. அந்தப் பிரியத்தை நம்பித்தான் இதை எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு உங்களில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடியிருந்த இடத்தில் நானும் இருந்தேன். பழைய இதழ்கள் கைமாறிக்கொண்டிருந்தன. அட்டை கிழிந்து ஓரம் செல்லரித்த ஒரு ஸ்பைடர் இதழ் நாலாயிரம் ரூபாய்க்குப் போனது. வாங்கியவருக்குக் கண் கலங்கிவிட்டது. பத்து வயதில் அப்பா வாங்கித் தந்து, வீடு மாற்றும்போது தொலைந்துபோன அதே இதழாம். அவர் சந்தோஷத்தைப் பார்த்து எனக்கும் தொண்டை அடைத்தது. சற்றுப் பொறுத்து அவரிடம் கேட்டேன்: "சார், இதை எழுதினது யாருன்னு தெரியுமா?" அவர் இதழைப் புரட்டிப் பார்த்தார். எங்கும் பெயர் இல்லை. "லயன் காமிக்ஸ்தானே சார்?" என்றார். பக்கத்திலிருந்த தம்பி ஒருவர், "ஆர்ட்டிஸ்ட் ரெக் பன்னு தெரியும்ணே. எழுதினவர்…" என்று நிறுத்திக்கொண்டார். அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை. ஸ்பைடர் கதை ஒவ்வொன்றையும் வரிசை எண்ணோடு சொல்லக்கூடிய பத்துப் பேர் அங்கே இருந்தோம். அந்த மௌனம்தான் இந்த மடல்.

எழுதியவரைப் பற்றிச் சொல்கிறேன்.

ஸ்பைடர் 1965இல் இங்கிலாந்தின் 'லயன்' வார இதழில் பிறந்தான். முதல் கதைகளை எழுதியவர் டெட் கோவன். நம் சட்டித்தலையன் ஆர்ச்சியையும் அவர்தான் எழுதினார். அவருக்குப் பிறகு ஸ்பைடரைக் கையில் எடுத்தவர் அமெரிக்காவிலிருந்து எழுதி அனுப்பிய ஜெர்ரி சீகல். ஆம், சூப்பர்மேனை உருவாக்கிய அதே ஜெர்ரி சீகல். உலகத்துக்குச் சூப்பர்மேனைக் கொடுத்த மனிதர்தான், நாம் டியூஷனுக்கு மட்டம் போட்டுப் படித்த ஸ்பைடர் கதைகளில் பெரும்பாலானவற்றையும் எழுதியவர். இதை முதன்முதலில் அறிந்த அன்று எனக்கு வெகுநேரம் வேறு வேலை ஓடவில்லை.

1938இல் சீகலும் அவருடைய நண்பர் ஓவியர் ஜோ ஷூஸ்டரும் சூப்பர்மேனை ஒரு பதிப்பு நிறுவனத்துக்கு விற்றார்கள். பக்கத்துக்கு 10 டாலர் வீதம் 13 பக்கங்களுக்கு 130 டாலர். அந்தக் காசோலையோடு சூப்பர்மேனின் மொத்த உரிமையும் போயிற்று. கேட்டு வழக்குப் போட்டார்கள். வேலை போனது, சூப்பர்மேன் கதைகளிலிருந்து அவர்கள் பெயரும் போனது. பிறகு சீகல் அதே நிறுவனத்துக்குத் திரும்பிவந்து, பெயர் போடாமல், தான் பெற்ற பிள்ளைக்கே கூலிக்குக் கதை எழுதினார். அறுபதுகளின் நடுவில் மறுபடி உரிமை கேட்டபோது அதுவும் நின்றது. அந்தக் காலத்தில்தான் அவர் ஸ்பைடரை எழுதினார். 1975இல் சூப்பர்மேன் திரைப்படத்துக்கான வேலைகள் நடந்துகொண்டிருந்தபோது அவர் லாஸ் ஏஞ்சலிஸில் குமாஸ்தாவாக இருந்தார். அறுபது வயதைத் தாண்டியவர் பத்திரிகைகளுக்குக் கடிதம் எழுதினார். நீல் ஆடம்ஸ், ஜெர்ரி ராபின்சன் போன்ற சக கலைஞர்கள் அவருக்காக நின்றார்கள். கடைசியில் இருவருக்கும் ஆண்டு ஓய்வூதியம் கிடைத்தது. "உருவாக்கியவர்கள்: ஜெர்ரி சீகல், ஜோ ஷூஸ்டர்" என்ற வரி சூப்பர்மேனோடு திரும்ப ஒட்டியது.

இந்த வாழ்க்கையைத் தெரிந்துகொண்டு ஸ்பைடரை மறுபடி படித்துப் பாருங்கள். அவன் யார்? நியூயார்க்கின் குற்ற உலகத்துக்கே அரசனாக வேண்டும் என்று கிளம்பியவன். வலைத் துப்பாக்கி, ஹெலிகார், கூட்டாளிகள் பெல்ஹாம், ஆர்டினி என்று எல்லாம் சேர்த்துக்கொண்டவன். சீகல் கைக்கு வந்ததும் அவன் பிற குற்றவாளிகளை எதிர்த்து நிற்கத் தொடங்குகிறான். ஆனால் மனம் திருந்தி அல்ல. தன்னைவிடப் பெரியவன் ஒருவன் இருக்கக்கூடாது என்ற கர்வத்தால். உலகிலேயே அப்பழுக்கில்லாத நாயகனைப் படைத்தவர், முப்பது ஆண்டுகள் கழித்து, எல்லாம் பறிபோன பின், "என்னை வெல்ல யாரும் இல்லை" என்று மார்தட்டும் ஒருவனை வாராவாரம் எழுதிக்கொண்டிருந்தார். ஸ்பைடரின் கர்வத்துக்குள் சீகலின் ரோஷம் கேட்கிறது என்றுதான் நான் நினைக்கிறேன். அது என் கற்பனையாகவே இருக்கட்டும். ஆனால் அந்தக் கற்பனைக்குக்கூட முதலில் பெயர் தெரிய வேண்டும்.

இப்போது உங்களை நோகவைக்கும் ஒன்றைச் சொல்லப் போகிறேன். தமிழில் லயன் காமிக்ஸ் தொடங்கியது 1984இல். அதே ஆண்டு 'எத்தனுக்கு எத்தன்' மூலம் ஸ்பைடர் நம்மிடம் வந்தான். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. கோவில்பட்டியில் எங்கள் தெருமுனைப் பெட்டிக்கடையில் கயிற்றில் தொங்கும் இதழை, காசு சேரும்வரை யாரும் வாங்கிவிடக்கூடாதே என்று தினமும் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். ஜெர்ரி சீகல் காலமானது 1996 ஜனவரியில். பன்னிரண்டு வருடம், நண்பர்களே. நாம் ஸ்பைடருக்காக உயிரை விட்ட அத்தனை வருடமும் அவர் உயிரோடு இருந்தார். சிவகாசியில் அச்சாகும் ஒரு சின்னப் புத்தகத்துக்காக, தான் பார்த்தேயிராத ஒரு மொழியில், பிள்ளைகள் பெட்டிக்கடையில் காத்துக் கிடக்கிறார்கள் என்று அவருக்குச் சொல்ல நமக்கு ஒரு ஏர்மெயில் உறை போதுமாயிருந்தது. வாழ்நாளெல்லாம் பெயருக்காகப் போராடியவருக்கு அந்தக் கடிதம் என்னவாக இருந்திருக்கும்! நாம் எழுதவில்லை. எழுதியிருக்க முடியாது, ஏனென்றால் நமக்கு அவர் பெயரே தெரியாது.

தெரியாமல் போனதற்கு நாம் மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். சிவகாசியைக் குறை சொல்லவும் மாட்டேன். மூலத்திலேயே இல்லாத பெயரை இங்கே எப்படி அச்சிடுவது? அந்தக் கால பிரிட்டிஷ் வார இதழ்களில் பெரும்பாலும் எழுதியவர் பெயரையோ வரைந்தவர் பெயரையோ போட மாட்டார்கள். ஓவியர் படத்தின் மூலையில் கையெழுத்துப் போட்டிருந்தால்கூட வெள்ளை மை பூசி அழித்துவிடுவார்கள். பெயர் வெளியே தெரிந்தால் வேறு நிறுவனம் இழுத்துக்கொள்ளும், கூலி கூட்டிக் கேட்பார்கள் என்ற பயம். 1977இல் '2000 ஏடி' இதழ் வந்த பிறகு, கெவின் ஓநீல் என்ற இளம் ஓவியர் முயன்று, கதையின் முதல் பக்கத்தில் எழுதியவர், வரைந்தவர், வசன எழுத்துகளைப் பதித்தவர் பெயர்களைக் கட்டம் கட்டிப் போடும் வழக்கத்தைக் கொண்டுவந்தார். அதற்கு முன் வந்த கதைகளைத்தான் நாம் நம் பால்யம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

நம் இரும்புக்கை மாயாவியை எடுத்துக்கொள்ளுங்கள். 1972 ஜனவரியில் முத்து காமிக்ஸின் முதல் இதழே அவர்தான். அதற்குப் பத்து ஆண்டுகள் முன்பு, 1962 அக்டோபரில், 'வேலியன்ட்' வார இதழின் முதல் இதழில், லூயிஸ் கிராண்டேல் என்ற பெயரில், அவர் அறிமுகமானார். வரைந்தவர் பார்சலோனாவின் ஹெசூஸ் பிளாஸ்கோ. அவர் பெயர் உங்களில் பலருக்குத் தெரியும். அந்த நிழலும் வெளிச்சமும் யாருடையவை என்று ஒரு கட்டத்தைக் காட்டினால் சொல்லிவிடுவீர்கள். தொடங்கி எழுதியவர் கென் பல்மர். அறிவியல் புனைகதை நாவலாசிரியர். அவருக்குப் பின் நீண்ட காலம் எழுதியவர் டாம் டல்லி.

மின்சாரம் பாய்ந்தால் மறைந்துபோகும் மனிதன் என்ற யோசனை யாருக்கும் வரலாம். மறைந்தாலும் அந்த இரும்புக்கை மட்டும் தெரியும் என்று ஒருவர் முடிவெடுத்தார் பாருங்கள், கதை அங்கேதான் பிறந்தது. முழுதாக மறைந்துவிட்டால் அவனுக்கு ஆபத்தே இல்லை. ஆபத்து இல்லையென்றால் நமக்குக் கதை இல்லை. அந்தரத்தில் ஒரு கை மட்டும் மிதந்து வருவதும், ஒளிய இடமில்லாமல் அந்தக் கை தவிப்பதும், மின்சாரத்தின் வேகம் குறையக் குறைய உடம்பு கொஞ்சம் கொஞ்சமாகத் தெரியத் தொடங்குவதும் ஓவியரின் தூரிகைக்கு முன்பே ஒரு தட்டச்சு எந்திரத்தில் யாரோ அடித்த வரிகள். இன்னொன்றும் கவனித்துப் பாருங்கள். மாயாவி கதைகளில் இரண்டு மூன்று பக்கத்துக்கு ஒரு முறை அவர் சாவின் விளிம்புக்குப் போய்விடுவார். சின்ன வயதில் அது ஏனென்று நமக்குப் புரியாது. மூச்சு முட்டப் படித்துக்கொண்டே போவோம். மூலத்தில் அது வாரத்துக்கு இரண்டு மூன்று பக்கம் வந்த தொடர். அடுத்த வாரம் பையன் காசைக் கொண்டுவந்து நீட்ட வேண்டுமென்றால், இந்த வாரக் கடைசிக் கட்டத்தில் கிராண்டேல் எதிலாவது மாட்டியாக வேண்டும். அந்த வாரக் கெடுவில் தூக்கத்தைத் தொலைத்து இருவர் ஒருவர் பின் ஒருவராக எழுதியதைத்தான் நாம் ஒரே மூச்சில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில், திண்ணையில் குப்புறப் படுத்துக்கொண்டு தின்று தீர்த்தோம்.

2005இல் லண்டனின் டைட்டன் புக்ஸ் இரும்புக்கை மாயாவியின் ஆரம்பக் கதைகளைத் தொகுத்து வெளியிட்டது. ஸ்பைடர் தொகுப்பும் அதே ஆண்டு வந்தது. துபாயில் வேலை பார்த்த என் அத்தான் இரண்டையும் வாங்கிவந்து கொடுத்தார். முப்பத்து மூன்று வயதில், முதன்முறையாக, அந்தப் பெயர்களை அச்சில் பார்த்தேன். பல்மருக்கு எழுத வேண்டும் என்று நினைத்தேன். நாளை, நாளை என்று தள்ளினேன். அந்த டிசம்பரிலேயே அவர் காலமாகிவிட்டார். கிராண்டேலின் உடம்பு மறைந்தாலும் கையாவது நமக்குத் தெரிந்தது. அவரை எழுதியவர்களின் கையை நாம் கடைசிவரை பார்க்கவே இல்லை.

உங்களில் ஐரோப்பியக் கதைகளின் ரசிகர்கள் அதிகம் என்று தெரியும். லக்கி லூக்கும் கேப்டன் டைகரும் உங்கள் அலமாரியில் அடுத்தடுத்து நிற்கும் புத்தகங்கள். இரண்டையும் எழுதிய கைகளுக்கு இடையே ஒரு பந்தம் உண்டு. லக்கி லூக்கை 1946இல் உருவாக்கி வரைந்தவர் மோரிஸ். 1955 முதல் அதை எழுதியவர் ரெனே கோஸினி. டால்டன் சகோதரர்களை, அந்த நெட்டைக்குட்டை வரிசையோடு, அடிக்கடி சிறையிலிருந்து தப்பவைத்து நம்மை வயிறு வலிக்கச் சிரிக்கவைத்தவர் அவர். உலகத்திலேயே முட்டாள் நாயான ரின்டின் கேனைக் கொண்டுவந்தவரும் அவர்தான். டைகரை, அதாவது பிரெஞ்சில் ப்ளூபெர்ரியை, எழுதியவர் ழான்-மிஷேல் ஷார்லியே. வழக்கு, துரோகம், தங்கம், இராணுவச் சதி என்று ஒரு முடிச்சுக்குள் ஒன்பது முடிச்சுப் போடுகிறவர்.

1956இல் பெல்ஜியத்தில் காமிக்ஸ் எழுத்தாளர்களும் ஓவியர்களும் கூடி, தங்கள் தொழிலுக்குச் சில உரிமைகள் வேண்டும் என்று ஒரு சாசனம் தயாரித்தார்கள். எழுதியவனுக்கும் வரைந்தவனுக்கும் தன் படைப்பில் ஒரு பங்கு வேண்டும் என்பதுதான் அதன் சாரம். விஷயம் முதலாளிகள் காதுக்குப் போனது. தலைமை வகித்தவர் என்று கோஸினியை வேலையிலிருந்து நீக்கினார்கள். அவரை நீக்கியதும் ஷார்லியேவும் ஓவியர் உதெர்ஸோவும், "அவருக்கு இல்லாத வேலை எங்களுக்கும் வேண்டாம்" என்று வெளியேறினார்கள். மூன்றே ஆண்டுகளில், 1959இல், அதே நண்பர்கள் சேர்ந்து பாரிஸில் 'பிலோத்' வார இதழைத் தொடங்கினார்கள். ஆஸ்டெரிக்ஸ் அதன் முதல் இதழில் பிறந்தான். 1963இல் ப்ளூபெர்ரி பிறந்ததும் அதே இதழில்தான். நம் கேப்டன் டைகர், வேலை இழந்த ஒரு எழுத்தாளனுக்காக இன்னொரு எழுத்தாளன் தன் வேலையை உதறியதால் உண்டான இடத்தில் பிறந்தவன். 'மின்னும் மரணம்' தொகுப்பை வாங்க வரிசையில் நின்ற உங்களுக்கு இதைச் சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை. கோஸினி 1977இல், 51 வயதில், இதயப் பரிசோதனை செய்துகொண்டிருந்தபோதே இறந்துபோனார். ஷார்லியே 1989இல் போகும்போது ஒரு ப்ளூபெர்ரி கதை பாதியில் நின்றது. நண்பர் ழான் ஜிரோ அதை முடித்துவைத்தார்.

மாடஸ்டியைப் பற்றியும் ஒரு வார்த்தை. லயன் காமிக்ஸைத் தொடங்கிவைத்த நாயகி அவள். பீட்டர் ஓடொனல் 1963 முதல் 2001 வரை, வரைபவர்கள் மாறிக்கொண்டே இருக்க, தன்னந்தனியாக அவளை எழுதினார். 1942இல் பாரசீகத்தின் வடக்கில் இளம் சிப்பாயாக இருந்தபோது, அகதிகளுக்கு நடுவே தனியாக நடந்துவந்த ஒரு சிறுமியைப் பார்த்தாராம். சிப்பாய்கள் கொடுத்த உணவைச் சாப்பிட்டு, பாத்திரத்தைக் கழுவித் திருப்பிக் கொடுத்து, ஒரு புன்னகையோடு தெற்கே நடந்துபோய்விட்டாள். இருபது ஆண்டுகள் கழித்து ஒரு நாயகி வேண்டும் என்றபோது அவருக்கு அந்த நடைதான் நினைவுக்கு வந்தது. மாடஸ்டி நடப்பதை நாம் எத்தனை கட்டங்களில் பார்த்திருக்கிறோம்! வேதாளனையும் மாண்ட்ரேக்கையும் படைத்த லீ ஃபாக்கும் அப்படித்தான். 1934இல் தொடங்கி 1999இல் சாகும்வரை எழுதினார்.

"கதையை ரசித்தோம், அது போதாதா? பெயரெல்லாம் எதற்கு?" என்று நீங்கள் கேட்கலாம். கேட்டிருக்கிறீர்கள். இதில் எனக்கு உடன்பாடு இல்லை. நாம் எந்த மொழிக்காரர்கள் என்று யோசியுங்கள். குறுந்தொகையைத் தொகுத்தவர்களுக்குச் சில பாட்டுகளை யார் எழுதினார் என்று தெரியவில்லை. பெயர் தெரியாது என்று வெறுமனே விட்டுவிடவில்லை அவர்கள். அந்தப் புலவர் கையாண்ட உவமையையே எடுத்துப் பெயராகச் சூட்டினார்கள். செம்புலப் பெயனீரார் என்றார்கள்; அணிலாடு முன்றிலார் என்றார்கள். எழுதியவன் அநாதையாகப் போகக்கூடாது என்ற அக்கறை இரண்டாயிரம் ஆண்டாக நம் இரத்தத்தில் இருக்கிறது. சினிமாவிலும் அப்படித்தான். 'பராசக்தி' காலத்தில் டைட்டிலில் வசனகர்த்தாவின் பெயருக்குக் கொட்டகையில் கைதட்டல் விழுந்ததை நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அந்த மரபில் வந்த நாம் காமிக்ஸில் மட்டும் ஏன் எழுதியவரை விட்டுவிட்டோம்?

ஓவியர்களைக் குறைத்துச் சொல்வதாக எண்ண வேண்டாம். ஓவியர் இல்லாமல் காமிக்ஸே இல்லை. ஆனால் ஓவியரின் கோடு நம் கண்ணெதிரே இருக்கிறது. பெயர் தெரியாவிட்டாலும் கை அடையாளம் தெரியும். எழுதியவருக்கு அந்த வாய்ப்புக்கூட இல்லை. அவர் யோசித்தது படமாகிவிடுகிறது, எழுதிய வசனம் நாயகனின் வாய்க்குப் போய்விடுகிறது. பெயர் ஒன்றுதான் அவருக்கு மிச்சம்.

நம் வீட்டையும் பார்ப்போம். வாண்டுமாமாவை உங்களில் எத்தனை பேர் படித்திருக்கிறீர்கள்? 1925இல் பிறந்து 2014இல் மறைந்தவர். வி. கிருஷ்ணமூர்த்தி என்பது இயற்பெயர். 'பூந்தளிர்' ஆசிரியராக அவரைத் தெரியும். ஓவியர் செல்லத்தோடு சேர்ந்து நம் மொழியிலேயே, நம் மண்ணின் கோட்டைகளையும் காடுகளையும் வைத்துச் சித்திரக்கதை எழுதியவர் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? முத்து காமிக்ஸின் தொடக்க கால ஆசிரியர் முல்லை தங்கராசனை மாயாவி ரசிகர்களில் எத்தனை பேர் நினைக்கிறோம்? தினத்தந்தியில் 1960 முதல் வந்துகொண்டிருக்கும் கன்னித்தீவை மூன்று தலைமுறையாகப் படிக்கிறோம். டீக்கடையில் பேப்பரை விரித்ததும் முதலில் அதைத் தேடிய தாத்தாக்கள் இருந்தார்கள். சிந்துபாத்தை இத்தனை ஆண்டு கடலிலும் கரையிலும் அலையவிட்டவர்களின் பெயர்களைச் சொல்லுங்கள் என்றால் நம்மில் யார் வாய் திறப்போம்?

மொழிபெயர்ப்பவர்களும் எழுத்தாளர்கள்தான். பேச்சுக் குமிழின் அளவு கூடாது; ஆங்கிலத்தில் நாலு சொல்லில் இருப்பதைத் தமிழில் மூன்று சொல்லில் அடக்க வேண்டும்; ஸ்பைடர் ஸ்பைடராகவே பேச வேண்டும், டெக்ஸ் வில்லர் டெக்ஸாக முறைக்க வேண்டும், அவருடைய தோழர் கார்சன் புலம்ப வேண்டும். எஸ். விஜயன் பதினேழு வயதில் லயனைத் தொடங்கி இன்றுவரை செய்துவருவது அந்த வேலை. நீங்கள் அவரோடு சண்டை போடுகிறீர்கள், உரிமையோடு திட்டுகிறீர்கள், அதுவும் அன்புதான். ஆனால் ஒரு வசனம் உங்களைச் சிரிக்கவைத்தால், "இந்த வரி அருமை" என்று அந்த வரியைச் சுட்டிச் சொல்கிறோமா? அட்டை, காகிதம், விலை இந்த மூன்றைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறோம்.

என் நண்பர் ஒருவர் நான்கு ஆண்டுகள் ஒரு சிறுவர் இதழுக்கு மாதாமாதம் சித்திரக்கதை எழுதினார். ஒரு இதழில்கூட அவர் பெயர் வரவில்லை. கேட்டதற்கு, "பசங்களுக்கு யார் எழுதினா என்ன சார்?" என்றார்களாம். அவர் எழுதுவதை விட்டுவிட்டார். இப்போது ஒரு மருந்துக் கம்பெனியில் ரெப்பாக இருக்கிறார். அவருடைய பையன்கள் அந்தக் கதைகளைப் படித்திருக்கிறார்கள். எழுதியது அப்பா என்று அவர் சொன்னபோது நம்பவில்லை. ஏனென்றால் புத்தகத்தில் பெயர் இல்லை. தமிழில் ஏன் சொந்தமாகக் காமிக்ஸ் வருவதில்லை என்று கூடும்போதெல்லாம் ஆதங்கப்படுகிறீர்களே, அதற்கான பதிலில் ஒரு பாதி இங்கே இருக்கிறது.

வாசகர்கள் நினைத்தால் இது மாறும். பேட்மேனைப் பாருங்கள். 1939இல் வந்த பேட்மேனின் உடையையும், காத்தம் நகரத்தையும், அவனுடைய கதையில் பாதியையும் யோசித்துக் கொடுத்தவர் பில் ஃபிங்கர். ஆனால் ஒப்பந்தப்படி பெயர் பாப் கேனுக்கு மட்டும். ஃபிங்கர் 1974இல் யாருக்கும் தெரியாமல் செத்துப்போனார். பல ஆண்டுகள் கழித்து மார்க் டைலர் நோபிள்மேன் என்ற எழுத்தாளர் விடாமல் தேடி, ஃபிங்கரின் பேத்தியைக் கண்டுபிடித்தார். ரசிகர்கள் குரல் கொடுத்தார்கள். 2015இல் பில் ஃபிங்கரின் பெயர் பேட்மேனோடு சேர்ந்தது. செத்து 41 ஆண்டு கழித்து. அதைச் செய்ததில் உங்களையும் என்னையும் போன்ற வாசகர்களுக்குப் பங்கு இருக்கிறது.

ஆகவே உங்களிடம் கேட்கிறேன். ஒரு பழைய அட்டையை நண்பர்களுக்குக் காட்டும்போது எழுதியவர் பெயரையும் சொல்லுங்கள். தெரியாவிட்டால், "எழுதியவர் யாரென்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். நம்மில் ஒருவருக்கு நிச்சயம் தெரிந்திருக்கும், அல்லது தேடிவிடுவார். நாலாயிரம் கொடுத்து ஒரு இதழைத் தேடிப் பிடிக்கிற நமக்கு ஒரு பெயரைத் தேடிப் பிடிப்பது முடியாத காரியமா? உங்கள் சேகரிப்பின் பட்டியலில் தலைப்பு, எண், ஆண்டு என்று எழுதிவைத்திருக்கிறீர்கள் இல்லையா, அதில் இன்னொரு பத்தி சேருங்கள். வரும் தொகுப்புகளில் கதாசிரியர் பெயரை முன்பக்கத்தில் பெரிதாகப் போடும்படி பதிப்பாளர்களிடம் அன்போடு கேட்போம். ஐம்பது பேர் சேர்ந்து கேட்டால் மறுக்க மாட்டார்கள்.

கடிதமும் எழுதுங்கள். டெக்ஸ் வில்லரை 1948இல் படைத்த ஜான் லூயிஜி போனெல்லி 2001இல் போய்விட்டார். அவருக்குப் பின் டெக்ஸைத் தாங்கிவரும் மௌரோ போசெல்லி இத்தாலியில் இருந்து இன்றும் எழுதுகிறார். 'இரத்தப் படலம்', 'தோர்கல்', லார்கோ வின்ச் மூன்றையும் எழுதிய ழான் வான் ஹாம் 1939இல் பிரஸ்ஸல்ஸில் பிறந்தவர். பெயரும் நினைவும் இழந்த ஒருவன் தான் யார் என்று தேடும் 'இரத்தப் படல'த்தை நமக்குத் தந்தவருக்கு, அவர் யார் என்று நமக்குத் தெரியும் என்பதைச் சொல்ல எத்தனை நாள் தள்ளிப்போடுவது? மொழி தடையில்லை. நாலு வரி போதும்: எங்கள் ஊர் இது, உங்கள் கதையைத் தமிழில் படிக்கிறேன், இந்தக் காட்சி எனக்கு மறக்காது. தமிழில் எழுதுகிறவர்களுக்கும், மொழிபெயர்ப்பவர்களுக்கும் அதே நாலு வரியை எழுதுங்கள். பல்மருக்கும் சீகலுக்கும் நான் எழுதாமல் விட்ட கடிதம் இன்னும் என் நெஞ்சில் உறுத்துகிறது. உங்களுக்கு அது வேண்டாம். நான் போசெல்லிக்கு எழுதிவிட்டேன்; போன வாரம் தபாலில் சேர்த்தேன்.

கடைசியாக, உங்களில் பலர் இப்போது பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் மாயாவியை வாங்கித் தருகிறீர்கள். இன்று இரவே ஒரு ஆரம்பகால இதழை எடுத்து, குழந்தையைப் பக்கத்தில் உட்காரவைத்து, அட்டையைத் திறந்ததும் முதலில் இதைச் சொல்லுங்கள்: "இதை எழுதினவர் பேரு கென் பல்மர். வரைஞ்சவர் பேரு ஹெசூஸ் பிளாஸ்கோ." பிறகு கதையைத் தொடங்குங்கள்.

அன்புடன்,
கோவில்பட்டியிலிருந்து ஒரு வாசகன்